கண்டி மலையில் பத்தொன்பது ஆண்டுகள்

மலையகத்தின் கதையைச் சொல்ல முற்படுவோர் கோப்பிச் செடியிலிருந்தோ, 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். அட்டனும் நுவரெலியாவும் தலவாக்கலையும் அதன் பின்னரே நம் கண்முன் வருகின்றன. ஆனால், தேயிலைக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே, விரும்பி வராத ஒருவன் இம்மலைநாட்டில் நிறுத்திவைக்கப்பட்டு, வெளியேற வழியின்றி, எப்போது வெளியேறுவோம் என்ற திகதியும் தெரியாமல், தன் இளமை முழுவதையும் கழித்திருக்கிறான். அவன் பெயர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தைப் பற்றி அவன் எழுதிய நூலை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். அந்நூலைச் சாதி, சமயம், கமம், அரசியல் ஆகியவற்றுக்கான சான்றாகவே நாம் பெரிதும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். முடிவு தெரியாத நெடுங்கால நெருக்கடியில் ஒரு மனிதன் எதைப் பற்றிக்கொண்டு நிலைகுலையாமல் இருந்தான் என்ற கோணத்தில் அந்த வாழ்வை நோக்கியோர் குறைவு. இக்கட்டுரையில் அதனையே நோக்க விரும்புகிறோம்.

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் கப்பல் செலுத்திய மாலுமி. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையில் வீசிய புயலில் அவர்களது ‘ஆன்’ என்ற கப்பலின் பாய்மரம் முறிந்தது. அதனைச் செப்பனிடவும் அப்படியே சிறிது வியாபாரம் செய்யவும் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கண்டியை அப்போது ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். கரையோரத்தை ஒல்லாந்தர் கைப்பற்றிவிட்ட காலம் அது. கடல்வழி வரும் வெள்ளையர் எவராயினும் அரசனுக்கு ஐயத்துக்குரியவரே.

அரசனின் திசாவை ஒருவன் படையுடன் வந்து, நயமாகப் பேசி, தலைவனைக் கரைக்கு வரவழைத்து, மூதூருக்கு அண்மையில் ஒரு புளியமரத்தடியில் சிறைப்படுத்தினான். அவ்விடத்தில் பிற்காலத்தில் ஒரு நினைவுக் கல்லும் நாட்டப்பட்டது. 1660 ஏப்ரலில் அகப்பட்டோர் மொத்தம் பதினாறு பேர். கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்வதே திசாவையின் நோக்கம். அதற்கான கட்டளையுடன் மகனைத் தந்தை கப்பலுக்கு அனுப்பினார். ஆனால், ஆற்றுக்குள் வராமல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும் என்பதே அவர் இரகசியமாகச் சொல்லியனுப்பிய செய்தி. மகனுக்கு வயது பத்தொன்பது. கப்பலில் ஏறியவன் அங்கேயே தங்கியிருக்கலாம். கடல் அவன் முன் விரிந்து கிடந்தது. திரும்பி வருவதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி அவன் கரைக்கு மீண்டான். பிற்காலத்தில் அவர் செய்தவற்றுள் நாம் ஏற்க இயலாதன உண்டு; அவற்றையும் பின்னர் சொல்வோம். ஆயினும், அந்த ஒரு மீட்சியை நாம் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.

இராஜசிங்கனின் சிறைக்கு மதில்கள் இல்லை. காடும் மலையும் கணவாய்தோறும் இருந்த கடவத்தைகளும் முட்கதவுகளுமே மதில்கள். அகப்பட்டோர் ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவளிப்பது ஊராரின் பொறுப்பு என அரச கட்டளை பிறந்தது. சங்கிலி இல்லை, அடி இல்லை, கட்டாய வேலையும் பெரும்பாலும் இல்லை. இத்தகைய சிறைவாசம் இலகுவானது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஒரு குற்றத்துக்காகச் சிறை வைக்கப்பட்டவனுக்கு நாள் எண்ணும் ஆறுதலாவது உண்டு. இவர்கள் செய்த குற்றம் இன்னதென்று சொல்லப்படவில்லை. ஆதலால் தண்டனைக்கு எல்லையும் வகுக்கப்படவில்லை. நாளை விடுதலையாகலாம், நாளை கொல்லப்படவும் கூடும். செய்வதற்கு ஒன்றுமில்லாத நாட்களே மனிதனை உள்ளிருந்து அரிக்கின்றன.

தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. உடலைவிடத் துயரமே தந்தையை உருக்கியது எனலாம். மகனைத் தன்னோடு சிறைக்கு இழுத்து வந்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. 1661 பெப்ரவரியில் அவர் மாண்டார். மகனும் அப்போது எழுந்து நடக்க வலுவற்ற நோயாளி. சடலத்தைப் புதைக்க ஊராரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறொன்றை அவர்கள் அனுப்பினர். கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்வதே அவர்கள் கருதிய உதவி. நொக்ஸ் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, தன் பணியாளச் சிறுவனுடன் சேர்ந்து குழி தோண்டித் தந்தையை அடக்கம் செய்தார். இருபது வயதை எட்டிய அந்த நாட்களில் அவரிடம் எஞ்சியிருந்தவை காய்ச்சலும் இரண்டு சமய நூல்களும் சிறிதளவு பணமுமே.

காய்ச்சல் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அந்த இரு நூல்களையும் மனப்பாடமாகும் வரை திரும்பத் திரும்பப் படித்தார். ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த முதியவர் ஒருவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. அது ஆங்கில விவிலியம். கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்துவிடத் துடித்த நொக்ஸைப் பணியாளச் சிறுவன் தடுத்தான். இறுதியில் கையால் பின்னிய தொப்பி ஒன்றுக்கு அது கைமாறியது. நமக்கு இங்கே விவிலியத்தைப் போலவே அந்தத் தொப்பியும் முக்கியமானது. ஏனெனில், நொக்ஸின் மீட்சி உண்மையில் அந்தத் தொப்பியிலிருந்தே தொடங்குகிறது.

தொப்பி பின்னும் தொழில் சிறைப்பட்ட ஆங்கிலேயரிடையே பரவியது. நூல் வாங்கி, பின்னி, விற்று, கிடைத்த இலாபத்தில் மேலும் நூல் வாங்கினர். எல்லோரும் பின்னத் தொடங்கியதும் விலை விழுந்தது. நொக்ஸ் அதோடு நின்றுவிடவில்லை. சேர்ந்த பொருளை நெல்லாக்கி, அந்நெல்லை ஊராருக்குக் கடனாகக் கொடுத்தார். அந்நாளைய வழக்கப்படி அதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி. இன்று நாம் அதனைக் கொடுவட்டி என்போம். விளைச்சல் பொய்த்த கமக்காரனுக்கு அன்றும் அது அப்படித்தான் இருந்திருக்கும். பின்னர் பன்றி, கோழி, ஆடு. இவ்வாறு ஒவ்வொன்றாக அவர் எடுத்துக்கொண்ட வேலைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். தொப்பி சில நாட்களில் முடிந்துவிடும்; நெல் ஒரு போகத்தில் திரும்பும்; ஆடு ஓராண்டில் பெருகும். அவை யாவும் முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலைகள். முடிவே தெரியாத ஒரு பெருங்காலத்தை, முடிவு தெரிந்த சிறுகாலங்களாக அவர் அறுத்துக்கொண்டார்.

இதனை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நாம் கருதவில்லை. வயிற்றுப்பாடு முதற் காரணம். இரண்டாவது காரணம் கசப்பான ஓர் அனுபவமாக இருந்திருக்கலாம். சென்னை ஜோர்ஜ் கோட்டையின் தலைவராயிருந்த சேர் எட்வேர்ட் வின்ரர் இவர்களை விடுவிக்கக் கோரி அரசனுக்கு எழுதினார்; ஒல்லாந்தத் தூதரும் வேண்டினர். 1664 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அனைவரும் அரசன் தங்கியிருந்த நிலம்பைக்கு அழைக்கப்பட்டனர். போக விரும்புகிறீர்களா, இருந்து அரச சேவை செய்ய விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டது. யாவரும் போகவே விரும்பினர். அரசன் விடவில்லை. அந்த டிசம்பரில் நள்ளிரவில் நிலம்பையில் கிளர்ச்சி வெடித்தது. அரசன் மலைகளுக்குத் தப்பினான். சில நாட்களில் கிளர்ச்சி அடங்கியது. இரு தரப்பாருக்கும் இடையில் அகப்பட்ட ஆங்கிலேயர் உயிர் தப்பியதே பெரிது. அரசன் அதன்பின் இன்றைய நுவரெலியா மாவட்டத்திலுள்ள ஹங்குராங்கெத்தையில் தன் இருப்பிடத்தை அமைத்துக்கொண்டான். பிறர் பெற்றுத் தரும் விடுதலையை நம்பி அதுவரை நாள் கடத்திய பலர் அத்துடன் மனமொடிந்தனர். நொக்ஸோ அதன்பின் எந்தத் தூதுவரையும் நம்பிக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

1666 அளவில் அவரும் சிலரும் லெகுந்தெனிய என்ற மலையுச்சிக்கு மாற்றப்பட்டனர். காற்றும் குளிரும் மிகுந்த வறண்ட இடம். அரசனின் கோபத்துக்கு ஆளானோரை அனுப்பும் ஊர். அங்கே மூன்றாண்டுகள். ஒவ்வோர் இடமாற்றத்தின்போதும் சேர்த்த நெல்லும் வளர்த்த கோழியும் பின்தங்கின. ஒவ்வொரு முறையும் அவர் முதலிலிருந்து தொடங்கினார்.

பின்னர் உடுநுவரைப் பகுதியிலுள்ள எலதெத்த என்ற ஊரில் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கினார். உரிமை செல்லுமா என்று அதிகாரிகளிடம் விசாரித்து, விலை பேசி, தென்னையும் பழமரங்களும் நிற்க, வீடு கட்டிக் குடியேறினார். தப்பி ஓட எண்ணுபவன் நிலம் வாங்குவானா? அயலாரும் அரச ஊழியரும் அப்படித்தான் கேட்டிருப்பர். நிலம் வாங்கியவனைப் பற்றிய ஐயம் தளர்ந்தது. திருமணமாகாத வேறு மூன்று ஆங்கிலேயர் அவருடன் அவ்வீட்டில் சேர்ந்தனர். தாங்கள் மணம் செய்வதில்லை, பெண்களை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என்று அவர்களிடையே ஓர் உடன்பாடு. காலப்போக்கில் இருவர் மணம் செய்துகொண்டு பிரிந்தனர். எஞ்சியவர்கள் நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்டும்.

மணம் செய்துகொண்ட தோழர்களைத் தம் நூலில் நொக்ஸ் சற்றுக் கடிந்தே பார்க்கிறார். இந்த இடத்தில் அவருடன் நாம் முழுமையாக உடன்பட இயலாது. பதினைந்து ஆண்டுகள் வீடு மறுக்கப்பட்டவன், கிடைத்த மண்ணில் மனைவியையும் மக்களையும் தேடிக்கொண்டது தோல்வியாகாது. அவர்களும் ஓர் இலக்கை வகுத்துக்கொண்டவர்களே. அது இங்கே வாழ்ந்துவிடுவது. நொக்ஸின் இலக்கு இங்கிருந்து போய்விடுவது. இரண்டுமற்று, சாராயத்திலும் சச்சரவிலும் நாட்களைக் கரைப்பதே உண்மையான அழிவு. தம்மைத் தனியராக வைத்துக்கொள்வதற்கு நொக்ஸ் கொடுத்த விலையும் சிறிதன்று. சக கைதி ஒருவரின் மகளான லூசியா என்ற சிறுமியைத் தம் பிள்ளைபோல் அவ்வீட்டில் வளர்த்தார் என்பதே அந்த விலையை உணர்த்தும்.

எலதெத்தவில் வசதி வந்துவிட்டது. அரண்மனைச் சேவைக்கு அழைப்பும் வந்தது. உயர்த்தப்பட்டவரின் தலைகளே முதலில் உருளும் என்பதை அறிந்த நொக்ஸ் அந்தப் பெருமையைத் தட்டிக் கழித்தார். இனித்தான் அவர் வாழ்வின் மிக நுட்பமான பகுதி. அவரும் றட்லண்டும் மூட்டை வியாபாரிகளாயினர். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து ஊரூராகத் திரிந்தனர். ஆண்டுதோறும் சற்று வடக்கே, மேலும் சற்று வடக்கே. விற்ற பொருளுக்கு உரிய பணத்தை உடனே வாங்காமல் பிறகு தரும்படி விட்டு வருவர். கடன் வசூலிக்க மீண்டும் அதே வழியில் போகலாம் அல்லவா? எந்தக் கணவாயில் காவல் எத்தகையது, எந்த ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த ஊர்த்தலைவன் என்ன கேள்வி கேட்பான் என்பன யாவும் வியாபாரப் பேச்சின் ஊடே சேகரமாயின. வடபுலத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் மழை பொய்த்தது. காட்டில் குடிக்க நீரின்றித் திரும்பினர். காய்ச்சலும் வழியில் மடக்கியது. இப்படி எட்டு, ஒன்பது ஆண்டுகள்! தோற்றுத் திரும்பிய ஒவ்வொரு பயணத்திலும் மூட்டை காலியாகியிருந்தது. வழி சிறிது நீண்டிருந்தது. வயிறு வளர்க்கும் வேலையும் விடுதலைக்கான வேலையும் அவரிடத்தில் ஒன்றாகிவிட்டன. அதனாற்றான் பெரிய இலக்கு தள்ளிப்போன நாட்களிலும் அவர் வெறுங்கையுடன் வீடு திரும்பவில்லை.

1679 செப்டெம்பர் 22 ஆம் நாள் இருவரும் வழக்கம்போல் மூட்டையுடன் புறப்பட்டனர். இம்முறை திரும்பும் எண்ணமில்லை. கல்லுவில என்ற ஊரில் தலைவன் வீட்டிலேயே அகப்பட்டுக்கொண்டபோது, உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லி, அன்பளிப்பும் கொடுத்து, பதற்றமின்றி அங்கேயே தங்கிப் பேசினர். ஒன்பது ஆண்டுப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கு குடியிருந்தோர் தமிழ் பேசுவோராக இருந்தனர். சிங்களம் தெரிந்த தலைவனிடம் அதே இறைச்சிக் கதை மீண்டும் சொல்லப்பட்டது. முன்னே செல்லும் வழியில் காவல் கடுமை என்று அறிந்ததும், அக்டோபர் 12 இரவு, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டுக்குள் இறங்கினர்.

ஆறே வழிகாட்டி. தாளிப்பனை ஓலையே கூரை. முதலைகள் கிடந்த ஆற்றோரம். யானை மறித்தபோது தீமூட்டி விலக்கினர். பழங்காலத்துக் கற்றூண்கள் காட்டினிடையே சாய்ந்து நின்றன. கண்டியரசனின் ஆணை செல்லாத வன்னிப் பகுதிக்குள் நுழைந்தபின் எதிர்ப்பட்ட தமிழர்களிடம் பேச மொழியில்லை. கத்தியும் புகையிலையும் கொடுத்துச் சைகையால் வழி கேட்டனர். அக்டோபர் 18 ஆம் நாள் மாலை நான்கு மணியளவில் மன்னார்க் கரையிலுள்ள ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளும் ஆறு மாதங்களும் கழிந்திருந்தன. நொக்ஸுக்கு வயது முப்பத்தெட்டு.

அரிப்பு என்ற பெயர் மலையக வாசகர்களுக்குப் புதிதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில், தமிழகத்திலிருந்து வள்ளங்களில் வந்த நம் முன்னோர் மன்னாரிலும் அரிப்பிலும் அதனை அண்டிய துறைகளிலும் இறங்கி, அதே வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாக மலையேறினர். நொக்ஸ் வெளியேறிய திசைக்கு நேரெதிர்த் திசை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுக வீழ்த்தின. எழுதுவதற்கு எவரும் அவர்களுள் இருக்கவில்லை. மலைக்கு வந்து சேர்ந்தவர்களைத் துண்டும் கடனும் பிடித்துக்கொண்டன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களது பேரப்பிள்ளைகளை நாடற்றவராக்கியது. அது முழுமையாகச் சீராக 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டுக் காத்திருப்பு அது. எல்லை சொல்லப்படாத காலத்தில் அம்மக்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றனர் என்று வினவுவோர் லயத்தின் பின்புறத்தைப் பார்த்தால் போதும். கைப்பிடி அளவு மண்ணில் கோவாவும் போஞ்சியும். கொட்டிலில் ஒரு பசு. மாதச் சீட்டில் சேரும் சிறு தொகை. மூத்தவன் விட்ட இடத்திலிருந்து இளையவளையாவது பள்ளியில் ஒரு வகுப்பு மேலே ஏற்றிவிடும் முயற்சி. நொக்ஸின் தொப்பியும் ஆடும் நமக்கு அந்நியமாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம். ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நொக்ஸுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது.

மன்னார், கொழும்பு, பத்தாவியா எனச் சென்று, 1680 செப்டெம்பரில் நொக்ஸ் இங்கிலாந்தை அடைந்தார். கப்பலிலேயே எழுதத் தொடங்கிய குறிப்புகள் விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் உதவியுடன் 1681 இல் நூலாயின. அது பெரும் புகழ் பெற்றது. டானியல் டீபோ தமது ‘கப்டன் சிங்கிள்டன்’ என்ற நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கியே தந்திருக்கிறார். 1719 இல் வெளிவந்த ‘றொபின்சன் குரூசோ’விலும் அந்நூலின் சாயலைக் காண்போர் பலர். ஆளில்லாத தீவில் ஆடு வளர்த்து, வேலி கட்டி, நாளை எண்ணி வாழ்ந்த குரூசோவுக்கு, ஆட்கள் நிறைந்த ஊரில் தனியனாயிருந்த எலதெத்த மனிதனின் சாயல் இருப்பதில் வியப்பில்லை.

இனி, ஏற்க இயலாதது எனச் சொன்ன பகுதிக்கு வருவோம். கம்பனி அவருக்கு ‘தொங்கின் மேர்ச்சன்ற்’ என்ற கப்பலின் தலைமையை அளித்தது. அக்கப்பலில் அவர் மடகஸ்காருக்குச் சென்று அடிமைகளை விலைக்கு வாங்கி சென்ற் ஹெலனாத் தீவுக்குக் கொண்டுசென்றார். பத்தொன்பது ஆண்டுகள் பிறர் கையில் கிடந்தவர், மனிதரை விலை பேசினார்! அந்தத் தீவில் அவரது மாலுமிகளே அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலுடன் ஓடிப்போயினர் என்பது வரலாற்றின் விசித்திரம். துன்பம் மனிதனைப் பண்படுத்திவிடும் என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு நொக்ஸின் பிற்கால வாழ்வு துணை நிற்கவில்லை. மன உறுதி வேறு, இரக்கம் வேறு. முன்னதை எலதெத்த அவருக்குக் கொடுத்தது. பின்னதை லூசியாவின் மட்டில் காட்டினார். தம் எலதெத்த நிலத்தையும் உடைமைகளையும் அவளுக்கே உரித்தாக்கினார். மடகஸ்கார்க் கரையில் நின்றவர்களிடம் அது நீளவில்லை.

1694 அளவில் கம்பனியுடனான உறவு கசப்பில் முடிந்தது. பின்னரும் ஒருமுறை கடலோடிவிட்டு, லண்டனில் தங்கிவிட்டார். இறுதிவரை மணம் செய்யவில்லை. தம் நூலின் பிரதியொன்றில் அச்சுப் பக்கங்களிடையே வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டுவித்து, இலங்கையைப் பற்றி நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் அவற்றில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். திருத்திய இரண்டாம் பதிப்பு ஒன்று வர வேண்டும் என்பது அவரது விருப்பம். 1720 ஜூனில், எழுபத்தொன்பதாவது வயதில் அவர் மறைந்தபோதும் அது வெளிவந்திருக்கவில்லை. எழுதி நிரப்பிய அந்தத் தாள்கள் மட்டும் எஞ்சியிருந்தன.